பக்கி சேஸிஸ் மேல் ஒரு நிஜ ஜீப்: அக்கா தரும் டிப்ஸ்

ரிமோட்டில் ஓடும் பக்கி கையில் இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் இந்த ஆசை வரும்: "இதன் மேல் ஒரு மஹிந்திரா தார் ஜீப் பாடியை மாட்டினால் நிஜ வண்டி மாதிரியே இருக்குமே!" பாடி வரும், பெயின்ட் அடிப்பீர்கள், ஹெட்லைட்டும் எரியும். ஆனாலும் நாலடி தள்ளி நின்று பார்த்தால் பொம்மையாகத்தான் தெரியும். குறை பாடியில் இல்லை, அடியில் இருக்கிறது. சக்கரம் நிற்கிற இடம், டயரின் பருமன், வண்டி குலுங்குகிற விதம் ஆகிய மூன்றும் சரியாக இல்லாவிட்டால் மேலே எதை வைத்தாலும் ஒட்டாது. ஆகவே முதலில் சேஸிஸ், கடைசியில் பெயின்ட். கீழே உள்ள டிப்ஸ் எல்லாம் அந்த வரிசையில்தான் வருகின்றன.

இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1979-இல் 'சாண்ட் ஸ்கார்ச்சர்' என்ற 1/10 அளவு ரிமோட் காரை வெளியிட்டது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை மணலில் ஓட்டுவதற்காக மாற்றிய வண்டியின் மாதிரி அது. முன் சஸ்பென்ஷனைக்கூட நிஜ பீட்டிலில் இருப்பது போலவே செய்திருந்தார்கள். 2010-இல் அதை மறுபடி வெளியிட்டபோதும் வாங்க ஆள் இருந்தது. இதற்கு நேர்மாறாக, 1984-இல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் கொண்டுவந்த ஆர்சி10 போன்ற பக்கிகள் பந்தயத்துக்கென்றே பிறந்தவை. வளைவில் கவிழாமல் இருக்க அகலமாக, தாழ்வாக இருக்கும். இன்று கடையில் கிடைக்கும் பக்கிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது குடும்பம். அந்த அகலத்தைக் குறைப்பதுதான் நம் வேலையில் பாதி.

1. வெட்டும் முன் அளந்து பாருங்கள்

கடலூர் சில்வர் பீச் சாலையில் அடிக்கடி கண்ணில் படுகிற வண்டியையே எடுத்துக்கொள்வோம்: 2020-இல் வந்த மஹிந்திரா தார். நீளம் 3,985 மி.மீ., அகலம் 1,820, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள வீல்பேஸ் 2,450, தரை இடைவெளி 226. இப்போது உங்கள் பக்கியை அளந்து பாருங்கள். 1/10 பக்கிகளில் பெரும்பாலும் வீல்பேஸ் 270 முதல் 280 மி.மீ. வரை, அகலம் 250 மி.மீ. அளவில் இருக்கும்.

வீல்பேஸை அகலத்தால் வகுங்கள். தாருக்கு 1.35 வரும். பக்கிக்கு 1.1 தான். பொம்மைத் தோற்றம் முழுவதும் இந்த ஒரு எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. பழைய அம்பாசிடருக்கு இது கிட்டத்தட்ட 1.5. அதனால் பக்கியின் மேல் அம்பாசிடர் பாடி இன்னும் மோசமாக நிற்கும். முதல் முயற்சிக்கு ஜீப் வகை வண்டிதான் நல்லது.

2. பெட்டியில் போட்ட அளவுக்குக் கட்டுப்படாதீர்கள்

பெட்டியில் 1/10 என்று அச்சிட்டிருக்கும். தாரை 1/10 ஆக்கினால் வீல்பேஸ் 245, அகலம் 182. நீளத்தையும் அறுக்க வேண்டும், அகலத்தில் ஏழு சென்டிமீட்டரும் போக வேண்டும். கிட்டத்தட்ட புது சேஸிஸே செய்வதற்குச் சமம்.

1/9 என்று வைத்துப் பாருங்கள். வீல்பேஸ் 272: பக்கியில் இருப்பதே போதும். தரை இடைவெளி 25 மி.மீ.: அதுவும் ஏறக்குறைய இருக்கிறது. தாரின் 255/65 ஆர்18 டயருக்கு விட்டம் சுமார் 788 மி.மீ.; ஒன்பதில் ஒன்று 88. பக்கியின் பின்டயரும் அந்த அளவுதான். அகலம் 202 ஆக வேண்டும் என்பது மட்டுமே பாக்கி. வண்டியின் வீல்பேஸை வைத்து ஸ்கேலை முடிவு செய்தால் பாதி வேலை மிச்சம்.

முடிவு செய்த பிறகு மாற்றாதீர்கள். நம் ஊர் ஸ்தபதிகள் தாலமானம் பார்ப்பது போல இது: முகத்தின் நீளத்தை ஒரு தாலமாக, 12 அங்குலமாக வைத்து, மற்ற உறுப்புகளை எல்லாம் அந்த ஒரே அளவிலிருந்து எடுப்பார்கள். நீங்களும் கதவுப் பிடி முதல் நம்பர் பிளேட் வரை எல்லாவற்றையும் ஒன்பதால் வகுத்து ஒரு தாளில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

3. அகலத்தை ஆர்மை அறுக்காமல் குறையுங்கள்

250-இலிருந்து 202-க்கு வர ஒரு பக்கத்துக்கு 24 மி.மீ. குறைய வேண்டும். உடனே சஸ்பென்ஷன் ஆர்மை அறுக்கப் போகாதீர்கள். பின்பக்கம் ஆர்மைக் குட்டையாக்கினால் டிரைவ் ஷாஃப்ட்டையும் குட்டையாக்க வேண்டி வரும்.

முதலில் டயர். பக்கியின் பின்டயர் 40 மி.மீ.-க்கு மேல் அகலம். தார் டயர் 1/9-இல் 28 மி.மீ. தான். உள்பக்கம் அப்படியே இருக்க, ஒல்லியான டயர் போட்டால் ஒரு பக்கத்தில் 12 முதல் 14 மி.மீ. வரை போய்விடும். மீதியை ரிம்மின் ஆஃப்செட்டில் எடுங்கள்: ஹெக்ஸ் (ரிம்மை ஆக்ஸிலில் பிடிக்கும் அறுகோணத் துண்டு) உட்காரும் இடம் ரிம்மின் வெளிமுகத்தை ஒட்டி இருந்தால் டயர் உள்ளே தள்ளி நிற்கும். 12 மி.மீ. ஹெக்ஸ் பொருந்தும் 1.9 இன்ச் ரிம் தேடுங்கள். தாரின் 18 இன்ச் ரிம் 1/9-இல் சரியாக 2 இன்ச் என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு சக்கர டிரைவ் பக்கிகள் பலவற்றில் முன்சக்கரம் ஹெக்ஸ் இல்லாமல் பேரிங்கில் நேராகச் சுற்றும். அதற்கு ஹெக்ஸ் அடாப்டர் வேண்டும்.

மாட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஷாக்கை முழுக்க அமுக்கிப் பாருங்கள். டயர் ஆர்மிலோ ஷாக்கிலோ உரசினால் ஒரு மி.மீ. கூடுதல் கனமுள்ள ஹெக்ஸைப் போட்டாலே போதும்.

4. சக்கரத்தை நேராக நிறுத்துங்கள்

பந்தயப் பக்கியின் சக்கரங்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். தாரின் பின்பக்கம் ஒரே நீளமான ஆக்ஸில். சக்கரம் செங்குத்தாகத்தான் நிற்கும். மேல் லிங்க்கைத் திருகி நான்கு சக்கரங்களிலும் இந்தச் சாய்வை, அதாவது கேம்பரை, பூஜ்யமாக்குங்கள். காசு செலவே இல்லாத மாற்றம், ஆனால் பின்னாலிருந்து பார்க்கிறவருக்கு முதலில் தெரிவது இதுதான்.

பக்கியில் அந்த நீள ஆக்ஸில் இல்லையே என்றால், தீர்ந்துபோன பேனாவின் உடலை நீளவாக்கில் பிளந்து ஒவ்வொரு பின் ஆர்மின் அடியிலும் ஒட்டுங்கள். கியர் பாக்ஸின் அடியில் நடுவாகத் தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றை ஒட்டிக் கறுப்படியுங்கள். சுமார் 30 மி.மீ. விட்டமுள்ள அந்த மூடி டிஃபரென்ஷியல் உருண்டைக்குச் சரியான அளவு. இரண்டு பக்கமும் தனித்தனித் துண்டு என்பதால் சஸ்பென்ஷன் அசைவுக்குத் தடை இல்லை.

பின்பக்க விங்கையும் அதன் தாங்கியையும் கழற்றுங்கள். துருத்திக்கொண்டிருக்கும் முன் பம்பரை வெட்டுங்கள். தாரின் முன்டயருக்கும் பம்பர் அடிக்கும் இடையே சுமார் 41 டிகிரி ஏற்றக் கோணம் உண்டு. பள்ளிக்கூடத்துப் பாகைமானியை வைத்து அதே கோணம் வருகிறதா என்று பாருங்கள்.

5. கனமும் குலுக்கமும்

ஸ்கேல் ஒன்பதில் ஒன்று என்றால் எடை 9 × 9 × 9, அதாவது 729-இல் ஒன்று. 1,700 கிலோவுக்கு மேலுள்ள தாருக்கு 2.3 முதல் 2.4 கிலோ வரும். பக்கி ஒன்றரை கிலோவைச் சுற்றி இருக்கும். பாடியும் உள்வேலையும் அரை கிலோ ஆகலாம். மிச்ச எடையைச் சேர்க்க, டயர் கடையில் வீல் பேலன்ஸிங்குக்கு ஒட்டும் சின்ன எடைக்கட்டிகளை வாங்குங்கள். ஐந்து, பத்து கிராமாக, பின்னால் பசையோடு கிடைக்கும். சேஸிஸ் தட்டின் மேல் எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக ஒட்டுங்கள். மேலே எடை ஏறினால் முதல் மேட்டிலேயே கவிழும்.

ஷாக்கில் மெல்லிய ஸ்பிரிங்கும் கெட்டியான ஆயிலும் போடுங்கள். சோதனை எளிது: பின்பக்கத்தை அமுக்கிக் கையை எடுங்கள். ஒரே மூச்சில் மெதுவாக எழுந்து நின்றுவிட வேண்டும். துள்ளினால் ஆயில் இன்னும் கெட்டியாக வேண்டும்.

6. வேகத்தைக் குறையுங்கள்

நல்ல மாடலைக் கெடுப்பது வேகம்தான். ஈர்ப்பு விசையை நாம் ஸ்கேலில் குறைக்க முடியாது. எனவே அசைவு இயல்பாகத் தெரிய, நிஜ வேகத்தை ஸ்கேலின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று. மணலில் 30 கி.மீ. வேகத்தில் போகும் தார் உங்கள் மாடலில் 10 கி.மீ. வேகத்தில் போனால் போதும்.

இதற்கு 27 டர்ன் (கம்பிச் சுற்று) மோட்டாரை எடுத்துவிட்டு 45 டர்ன் போடலாம், அல்லது மோட்டாரின் பல்சக்கரமான பினியனைச் சிறிதாக்கலாம். இரண்டும் வேண்டாமென்றால் ரிமோட்டில் திராட்டில் எல்லையைப் பாதியாக்குங்கள். வீடியோ எடுப்பவர்கள் மூன்று மடங்கு மெதுவாக்கிப் போட்டால் நம்பவே முடியாத அளவுக்கு நிஜமாக இருக்கும். போனை மாடலின் ஆள் கண் உயரத்தில், தரையிலிருந்து 18 செ.மீ. மேலே பிடியுங்கள்.

7. பாடி, பெயின்ட், நம்பர் பிளேட்

பாலிகார்பனேட் பாடிக்கு உள்பக்கம்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். அதற்கென்று விற்கும் பெயின்ட் இல்லாவிட்டால் உரிந்துவிடும். சொந்தமாகச் செய்கிறவர்கள் ஒன்றரை மி.மீ. ஏபிஎஸ் ஷீட்டோ சன் போர்டோ எடுத்து, இணைப்புகளில் பட்டி பார்த்து, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடியுங்கள். கதவு இடுக்கு நிஜத்தில் 4, 5 மி.மீ. தான், மாடலில் அது அரை மி.மீ. கீறல். மார்க்கரால் தடியாகக் கோடு போட்டால் எல்லாம் கெட்டது.

நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஸ்பிரே அடித்தால் பெயின்ட் வெளுத்துப் பால் பூத்தது போலாகும். நல்ல வெயில் நாளில் காலை பத்து மணிக்கு மேல், காற்றோட்டமான இடத்தில், முகக்கவசத்தோடு அடியுங்கள்.

நம்பர் பிளேட் நிஜத்தில் 500 × 120 மி.மீ.; மாடலில் 55 × 13. கடலூர் என்றால் டிஎன் 31, சிதம்பரம் என்றால் டிஎன் 91. கடைசி நான்கு இலக்கத்தை 0000 என்று போடுங்கள். யாருடைய வண்டி எண்ணையும் எடுக்க வேண்டாம்.

8. நம் ஊர் மண்ணையே பூசுங்கள்

கேப்பர் மலைச் செம்மண், சில்வர் பீச் மணல், சிதம்பரம் பக்கத்து வயல் வண்டல் என மூன்று நிறம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் மணலை அப்படியே ஒட்டாதீர்கள். அரை மி.மீ. மணல் ஒன்று மாடலின் பக்கத்தில் நாலரை மி.மீ. ஜல்லியாகத் தெரியும். மண்ணைக் காயவைத்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்துக் கிடைக்கும் தூசியை மட்டும் எடுங்கள். மேட் வார்னிஷில் கலந்து சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடிப்பாகம், பின்கதவு ஆகிய இடங்களில் தொட்டு வையுங்கள். கண்ணாடியில் வைப்பர் துடைக்கும் வளைவு சுத்தமாக இருக்கட்டும்.

துரு எப்படிப் பிடிக்கும் என்று பார்க்கக் கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். உப்புக்காற்றில் நிற்கும் இரும்பில் துரு முதலில் தகடு சேரும் இடத்திலும் போல்ட் தலையிலும் தொடங்கி, கீழ்நோக்கி வழியும். வண்டி முழுக்கத் தெளித்தாற்போல் வராது.

9. எங்கே ஓட்டுவது, எப்படிப் பாதுகாப்பது

சம்பா அறுவடை முடிந்த வயல் அருமையான இடம். ஒரு அடி வரப்பு உங்கள் தாருக்கு ஒன்பது அடிக் கரை. சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கடற்கரையில் கூட்டமில்லாத காலை நேரத்தில், காய்ந்த மணலில் மட்டும் ஓட்டுங்கள். அலை நீர் மோட்டாரையும் பேரிங்கையும் அரித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பிரஷால் மணலைத் தட்டி, ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, பேரிங்குக்கு எண்ணெய் விடுங்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேற்றை விட்டுவிடுங்கள். அது உயிரினங்களின் வீடு.

லிப்போ பேட்டரியை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். சில நாள் ஓட்டப் போவதில்லை என்றால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் எடுத்து வையுங்கள்.

செய்யும் வரிசை, சுருக்கமாக: அளவு, ஸ்கேல், டயரும் ரிம்மும், கேம்பர், எடை, ஷாக், வேகம். இவையெல்லாம் முடிந்த பிறகு பாடி, பெயின்ட், மண்.

ஆசைப்பட்ட பாடியை முதல் நாளே வாங்கிவிடாதீர்கள். சேஸிஸைச் சரிசெய்து, வெறும் அட்டைப் பெட்டியை மேலே வைத்து ஓட்டிப் பாருங்கள். அட்டைப் பெட்டியே ஜீப் மாதிரி நகர்கிறது என்று தோன்றினால், அப்போது பாடிக்குக் காசு கொடுங்கள்.