இருமல் சிரப் வாங்கும் முன்: லைனசோலிட் சாப்பிடுவோர் கவனத்துக்கு



வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உள்ளவர்களுக்குத் தரப்படும் மாத்திரைகளில் லைனசோலிட் ஒன்று. மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் அனுமதித்த ஆறு மாதச் சிகிச்சையிலும் இது உண்டு. அதில் வழக்கமான அளவு தினம் ஒரு வேளை 600 மில்லிகிராம்.

இம்மாத்திரை காசநோய்க் கிருமியை அடக்குவதோடு, நம் உடலில் உள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியையும் ஓரளவு தடுக்கிறது. செரோட்டோனின் போன்ற ரசாயனங்களை அளவோடு வைப்பது அந்த நொதிதான். அது தடைபடும்போது வேறு சில மருந்துகள் சேர்ந்தால் செரோட்டோனின் மிதமிஞ்சிப் போகலாம். அல்லது ரத்த அழுத்தம் திடீரென ஏறலாம்.

ஆகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும்போது கவனம் தேவை:

• டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் சிரப்
• சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரை
• டிரமடால் வலி மாத்திரை

இவற்றை டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸ்டின், எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுபவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

நாள்பட்ட சீஸ், சோயா சாஸ், கருவாடு ஆகியவற்றை அதிகம் சாப்பிட வேண்டாம். இவற்றில் உள்ள டைரமின் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும்.

நடுக்கம், படபடப்பு, கடும் வியர்வை, காய்ச்சல், மனக்குழப்பம், தாங்க முடியாத தலைவலி கண்டால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். அல்லது ஸ்டான்லி போன்ற அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை அட்டைகளையும் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

மாதக்கணக்கில் சாப்பிடும்போது ரத்தம் குறைவது, பாதம் மரத்துப்போவது, பார்வை மங்குவது ஆகியவையும் வரலாம். ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். அறிகுறி தெரிந்ததும் சொன்னால் டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது சில நாள் நிறுத்தி வைப்பார். அதை வீட்டில் நாமே முடிவு செய்தால் கிருமி மீண்டும் வலுக்கும்.

ரமலானில் நோன்பு வைக்க விரும்பினால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்புக்காக ஒரு வேளை மருந்தையும் விட வேண்டாம்.

சந்தேகங்களுக்கு அரசின் இலவசக் காசநோய் உதவி எண் 1800-11-6666. அல்லாஹ் அனைவருக்கும் பூரண சுகம் தருவானாக.