ஊசித்துளை: ஒரு சொற்பாடம்

ஊசி நுனியளவே உள்ள துளையை ஊசித்துளை என்கிறோம். நூல் கோக்கும் ஊசிக்காது வேறு. அது ஊசியிலேயே உள்ள துளை. நாம் ஈண்டு ஆராய்வது ஊசியால் குத்தியதுபோல் பிற பொருள்களில் காணப்படும் துளையை. அது எவ்வாறு உண்டாயிற்று என்று அறியாவிடில் நட்டம் நம்மையே சாரும்.

முதலில் தறியைக் காண்போம். நெய்யும் துணியின் அகலம் சுருங்காதிருக்க, இரு முனைகளிலும் ஊசி பதித்த கோலைப் பூட்டுகிறோம். அவ்வூசிகள் கரையோரத்தில் சிறு துளைகளை விட்டுச் செல்கின்றன. இவை குற்றமல்ல; கைத்தறித் துணியை இனங்காண உதவும் அடையாளங்களுள் ஒன்று. துணியின் நடுவே துளை தோன்றினாலோ, இழை அறுந்ததா என்று பார்த்தல் வேண்டும். மடிக்குமுன் துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் அது தெரிந்துவிடும்.

இனி வீட்டுக் கூரை. கீற்றிலுள்ள நுண்ணிய துளை எவ்வடிவில் இருப்பினும், நண்பகலில் தரையில் விழும் ஒளிப்பொட்டு வட்டமாகவே இருக்கும். அது துளையின் வடிவமன்று, சூரியனின் உருவம். 26-12-2019 அன்று திண்டுக்கல், திருச்சிப் பகுதிகளில் கங்கண கிரகணம் தோன்றியபோது, இத்தகைய பொட்டுகள் வளையங்களாக விழுந்தன. தரையிலுள்ள உருவத்தைக் காணலாமேயன்றி, துளையின் வழியே சூரியனை நோக்குதல் கண்ணுக்குக் கேடு.

நாம் பெரிதும் கருத வேண்டியது பயறு மூட்டை. உளுந்திலும் தட்டைப்பயற்றிலும் வட்டமான துளையைக் கண்டதும், "வண்டு புகுந்துவிட்டது" என்கிறோம். உண்மை இதற்கு மாறானது. தாய்வண்டு பயற்றின் மேல் முட்டையை ஒட்டிவிடுகிறது. வயலில் முற்றிய காய்களிலேயே இது தொடங்குவதுண்டு. முட்டையிலிருந்து வரும் புழு உள்ளே குடைந்து, பருப்பைத் தின்று வளர்கிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாகித் துளையிட்டு வெளியேறுகிறது. எனவே நாம் காணும் துளை வண்டு புகுந்த வழியன்று, வெளியேறிய வழி. அதற்குள் பயறு வீணாகிவிட்டது. வெளிவந்த வண்டோ கிடங்கிலுள்ள அடுத்த உறுப்பினரின் மூட்டையை நாடுகிறது.

ஆதலின் துளை தோன்றும் வரை காத்திராமல், பயற்றின் மேல் ஒட்டிய வெண்புள்ளிகளைத் தேடுவோமாக. அவையே முட்டைகள். பயற்றை ஈரம் 100க்கு 10 பங்குக்கு மிகாதவாறு வெயிலில் உலர்த்துவோம். பழைய சாக்கைத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தோம். துளையுள்ள பயற்றை விதைக்கென ஒதுக்கோம்.

பயிற்சி: வீட்டிலுள்ள பயற்றில் 100 மணிகளை எண்ணித் தட்டிலிடுக. வெண்புள்ளி உள்ளவை எத்தனை, துளை உள்ளவை எத்தனை என்று தனித்தனியே குறிக்க. முன்னது வரப்போகும் நட்டம். பின்னது வந்துவிட்ட நட்டம்.