வாடகை வீட்டு கேஸ் கனெக்‌ஷன்: வருஷத்துக்கு ஒரு தடவை யார் செக் பண்ணணும்?



வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது என்னென்ன கேட்போம்? அட்வான்ஸ் எவ்வளவு, கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணி எப்போ வரும், பைக் நிறுத்த இடம் இருக்கா... இதெல்லாம் கேட்போம். "இந்தக் கிச்சன்ல இருக்கிற கேஸ் டியூப் கடைசியா எப்போ மாத்தினது?"ன்னு கேட்கிறவங்க ரொம்பக் குறைவு.

பெர்சனல் ஃபைனான்ஸ் பதிவுல எதுக்குக் கேஸ் டியூப்னு நினைக்காதீங்க. ஒரு கேஸ் விபத்து நடந்தா உயிருக்கு ஆபத்துங்கறது எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் இன்சூரன்ஸ் பணம் வருமா, வராதாங்கறதை முடிவு பண்றது ஒரு சின்ன காகிதமும் அதுல இருக்கிற முகவரியும்தான். வாடகை வீட்டுல இருக்கிற நம்மள்ல பல பேர்கிட்ட அந்தக் காகிதம் சரியா இருக்காது.

சட்டம் என்ன சொல்லுது?

பிரிட்டனில் 1998-ல வந்த கேஸ் பாதுகாப்பு விதிகள்படி, வீட்டை வாடகைக்கு விடுற ஓனர் 12 மாசத்துக்கு ஒரு தடவை பதிவு பெற்ற இன்ஜினியரை வெச்சு வீட்டுல இருக்கிற தன்னோட கேஸ் சாதனங்கள், குழாய்கள் எல்லாத்தையும் செக் பண்ணியே ஆகணும். அந்தச் சான்றிதழ் நகலை 28 நாளுக்குள்ள குடியிருக்கிறவர்கிட்ட கொடுக்கணும். புதுசா வர்றவருக்கு அவர் குடிவர்றதுக்கு முன்னாடியே கொடுக்கணும். கொடுக்கலன்னா அது குற்றம். அங்கே கேஸ் குழாய் வழியா வருது, பாய்லரும் ஓனரோடது. அதனால பொறுப்பும் ஓனர் மேல.

நம்ம ஊர்ல நிலைமை வேற. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், பராமரிப்பு வேலைகளை ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் கொடுக்குது. கட்டடம், பிளம்பிங் குழாய், கரண்ட் வயரிங் மாதிரியானது ஓனர் பொறுப்பு. கிச்சன்ல பொருத்தியிருக்கிற சாமான்களோட சின்னச் சின்ன ரிப்பேர் குடியிருக்கிறவர் பொறுப்பு. வருஷா வருஷம் கேஸ் செக் பண்ணணும்னு தனியா ஒரு வரி அதுல கிடையாது.

சிலிண்டர் கொடுக்கிற இண்டேன், பாரத் கேஸ், ஹெச்பி கேஸ் நிறுவனங்கள் 5 வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாய ஆய்வு வெச்சிருக்காங்க. ஏஜென்சி மெக்கானிக் வீட்டுக்கு வந்து பார்ப்பார், அதுக்குக் கட்டணம் உண்டு.

இங்கதான் சிக்கல். வாடகை அக்ரிமென்ட் பொதுவா 11 மாசம். ஆய்வு 5 வருஷத்துக்கு ஒரு தடவை. ஒரு ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் நடுவுல நாலஞ்சு குடும்பம் அந்த வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கலாம். ஒவ்வொருத்தரும் அடுப்பை மாத்துவாங்க, டியூபைக் கழட்டி மாட்டுவாங்க. ஓனர் "குடியிருக்கிறவங்க பார்த்துப்பாங்க"ன்னு இருப்பார். நாம "ஓனர் பார்த்திருப்பார்"னு இருப்போம். கடைசியில யாருமே பார்த்திருக்க மாட்டாங்க.

ஜெயங்கொண்டத்தை வெச்சுப் பார்ப்போம்

ஜெயங்கொண்டம் மாதிரி ஊர்ல யாரெல்லாம் வாடகைக்கு இருக்காங்க? வெளியூர்லேருந்து மாற்றலாகி வந்த டீச்சர், பேங்க் ஸ்டாஃப், அரியலூர் பக்கம் சிமென்ட் ஃபேக்டரிக்குப் போறவங்க. இப்போ சிப்காட்டும் வருது. 2024 நவம்பர்ல காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியிருக்காங்க. வேலை வந்தா வாடகைக்குக் கேட்டு ஆள் வரும். கீழே ஓனர், மேலே ஒரு போர்ஷன்னு கட்டி விடுறது எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான்.

அந்த மாதிரி போர்ஷன்ல எரியுற சிலிண்டர் யாரோடது? பெரும்பாலும் இந்த நாலுல ஒண்ணு:

1. ஓனர் தன்னோட ரெண்டாவது சிலிண்டரைக் கொடுத்திருப்பார்.
2. கிராமத்துல அப்பா, அம்மா பேர்ல இருக்கிற கனெக்‌ஷன்லேருந்து ஒண்ணு எடுத்துட்டு வந்திருப்போம்.
3. யாரோ தெரிஞ்சவர்கிட்ட கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருப்போம்.
4. நம்ம பேர்ல, இதே முகவரியில் கனெக்‌ஷன் இருக்கும்.

நாலுமே ஒரே மாதிரிதான் எரியும். வித்தியாசம் விபத்து நடந்த அன்னைக்குத்தான் தெரியும்.

அந்த இன்சூரன்ஸ் உண்மையில எவ்வளவு?

"கேஸ் சிலிண்டருக்கு 50 லட்சம் இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு பல வருஷமா சுத்துது. அதை அப்படியே நம்பாதீங்க.

எண்ணெய் நிறுவனங்கள் பொதுப் பொறுப்பு காப்பீடு எடுத்து வெச்சிருக்கிறது உண்மை. அதுக்கு நாம பிரீமியம் கட்ட வேண்டாம். எல்பிஜிதான் தீ விபத்துக்கு முதன்மைக் காரணம்னு இருந்தா கிடைக்கக்கூடியது இதுதான்:

- உயிரிழப்புக்கு ஒரு நபருக்கு 6 லட்சம் ரூபாய்.
- மருத்துவச் செலவுக்கு ஒரு நபருக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய். ஒரு விபத்துக்கு மொத்தமா 30 லட்சம் வரை.
- சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய்.

மூணாவதுல ஒரு நிபந்தனை இருக்கு. சேதம் நடந்த இடம், அங்கீகரிக்கப்பட்ட வாடிக்கையாளரோட பதிவு செய்யப்பட்ட முகவரியா இருக்கணும். அதாவது, கனெக்‌ஷன் கிராமத்து வீட்டு முகவரியில் இருந்து, நீங்க ஜெயங்கொண்டம் வாடகை வீட்டுல அந்தச் சிலிண்டரை எரிச்சா, இங்கே எரிஞ்சுபோன ஃப்ரிட்ஜுக்கும் பீரோவுக்கும் இழப்பீடு கேட்கிறது ரொம்பக் கஷ்டம். பிளாக்ல வாங்கின சிலிண்டர்னா கேட்கிறதுக்கே வழி இருக்காது. வீட்டு சிலிண்டரை ஓனர் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கிறதும் கனெக்‌ஷன் விதிக்கு மாறானதுதான்.

சரி, எல்லாம் ஒழுங்கா இருந்தாலும் 2 லட்சத்துல ஒரு வீட்டைத் திரும்பக் கட்ட முடியுமா? 2021 நவம்பர்ல சேலம் கருங்கல்பட்டியில் ஒரு வீட்டுல சிலிண்டர் வெடிச்சு, பக்கத்து வீடுகளும் சேர்ந்து இடிஞ்சு விழுந்தது. அக்கம்பக்கத்துல இருந்தவங்களும் இறந்தாங்க. சுவரோட சுவர் ஒட்டின தெருவுல ஒரு கிச்சன்ல நடக்கிற தப்பு அந்தக் கிச்சனோட நிக்காது.

வருஷாந்திர செக்: ஒரு மணி நேர வேலை

நம்மகிட்ட கேட்க சட்டம் இல்லைன்னா நாமளே ஒரு தேதி வெச்சுக்குவோம். அக்ரிமென்ட் புதுப்பிக்கிற மாசம் இதுக்கு நல்ல மாசம். அன்னைக்குப் பார்க்க வேண்டியவை:

டியூப்: ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலை வெச்ச சுரக்‌ஷா டியூப்தான் இருக்கணும். அதோட ஆயுள் 5 வருஷம். டியூப் மேலேயே வருஷம் அச்சடிச்சிருக்கும். வெடிப்பு, வழவழப்பு, எலி கடிச்ச தடம் இருந்தா 5 வருஷம் ஆகலைன்னாலும் மாத்திடுங்க. சாதா பச்சை டியூப் இருந்தா இன்னைக்கே மாத்துங்க. சுவர்ல ஓட்டை போட்டு டியூபை அடுத்த ரூமுக்குக் கொண்டுபோகக் கூடாது.

ரெகுலேட்டர், வாஷர்: ரெகுலேட்டர் ஏஜென்சி கொடுத்ததா இருக்கணும். ஒவ்வொரு சிலிண்டர் வரும்போதும் வால்வுக்குள்ள இருக்கிற கறுப்பு ரப்பர் வாஷர் ஒழுங்கா இருக்கான்னு பார்க்கணும். டெலிவரி தம்பிகிட்டயே "எடையும் லீக்கும் செக் பண்ணிக் காட்டுங்க தம்பி"ன்னு கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை.

சிலிண்டர் தேதி: கைப்பிடிக்குக் கீழே இருக்கிற பட்டையில ஏ, பி, சி, டி-ன்னு ஒரு எழுத்தும் ரெண்டு இலக்க வருஷமும் இருக்கும். ஏ-ன்னா மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பி-27-ன்னா 2027 ஜூனுக்குள்ள அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்பணும். தேதி முடிஞ்சிருந்தா வாங்காதீங்க.

சோப்புத் தண்ணி: ரெகுலேட்டர் இணைப்பு, டியூபோட ரெண்டு முனை, அடுப்பு நாப் எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. குமிழி வந்தா லீக். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இடம்: எல்பிஜி காத்தைவிடக் கனமானது. லீக் ஆனா மேலே போகாது, தரையோட தேங்கும். அதனால மேடைக்கு அடியில கதவு போட்டு மூடின அலமாரியில சிலிண்டர் வெச்சா ஆபத்து அதிகம். அலமாரி கட்டி வெச்சிருந்தா கதவோட அடிப்பாகத்துல காத்து போக ஓட்டை போடச் சொல்லி ஓனர்கிட்ட கேளுங்க. சிலிண்டரை எப்பவும் நிமிர்த்தித்தான் வைக்கணும். அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில இருக்கணும்.

ஏஜென்சி ஆய்வு: 5 வருஷ ஆய்வு கடைசியா எப்போ நடந்ததுன்னு ஏஜென்சியில கேட்டு, முடிஞ்சிருந்தா மெக்கானிக்கை வரச் சொல்லுங்க. அடையாள அட்டை பார்த்து உள்ளே விடுங்க. ரசீது வாங்கி ஃபோட்டோ எடுத்து வெச்சுக்குங்க. இந்த ரசீதும் டியூப் பில்லும் க்ளெய்ம் நேரத்துல உங்களுக்குக் கை கொடுக்கும்.

முகவரியை எப்படிச் சரி பண்றது?

உங்க பேர்லயே கனெக்‌ஷன் இருந்து, அதே ஏஜென்சி எல்லைக்குள்ள வீடு மாறினா, வாடகை அக்ரிமென்ட்டைக் காட்டி முகவரியை மாத்திடலாம். வேற ஊருக்குப் போறீங்கன்னா சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைச்சு, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிட்டு, அவங்க கொடுக்கிற வவுச்சரை வெச்சுப் புது ஊர்ல கனெக்‌ஷன் எடுக்கலாம்.

புதுசா எடுக்கிறவங்களுக்கு 2022 ஜூன்லேருந்து 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250 ரூபாய். இது செலவு இல்லை, டெபாசிட். கனெக்‌ஷனை ஒப்படைக்கும்போது திரும்ப வரும். தனியா தங்கியிருக்கிற பேச்சிலர்களுக்கு முகவரிச் சான்று இல்லாமலே, அடையாளச் சான்று மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் கிடைக்குது. பிளாக்ல வாங்குறதைவிட அது எவ்வளவோ மேல்.

அக்ரிமென்ட்ல சேர்க்க வேண்டிய நாலு வரி

இதை அப்படியே எழுதிக்கலாம்: "சமையல் எரிவாயு இணைப்பு குடியிருப்பவர் பெயரில், இந்த முகவரியில் இருக்கும். குடிவரும் நாளிலும் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் இரு தரப்பினரும் சேர்ந்து டியூப், ரெகுலேட்டர், அடுப்பு ஆகியவற்றைச் சரிபார்ப்பார்கள். டியூப், அடுப்பு பராமரிப்புச் செலவு குடியிருப்பவருடையது. சமையலறைக் காற்றோட்டம், மேடை, வயரிங் ஆகியவற்றின் செலவு உரிமையாளருடையது."

"ஓனர் தப்பா நினைச்சுக்குவாரோ"ன்னு தயங்காதீங்க. "அண்ணே, கீழே உங்க குடும்பமும்தானே இருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை பார்த்துடுவோம்"னு சொன்னா மறுக்கிறவங்க குறைவு.

உங்க அப்பா, அம்மாவே ஊர்ல மாடியை வாடகைக்கு விட்டிருந்தா, இந்தப் பதிவு அவங்களுக்கும்தான். கட்டடத்துக்கு பாரத் க்ருஹ ரக்‌ஷா பாலிசி பத்தி விசாரிங்க. 2021 ஏப்ரல்லேருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள்ல கிடைக்கிற இந்த ஸ்டாண்டர்டு பாலிசியில தீ, வெடிப்பு ரெண்டும் கவர் ஆகும். வாடகைக்கு இருக்கிற நீங்க வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் தனியா எடுத்துக்கலாம்.

வாசனை வந்தா...

லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் போடாதீங்க, எரியறதை அணைக்கவும் செய்யாதீங்க. சுவிட்ச்ல வர்ற சின்னப் பொறி போதும். அடுப்பு, சாமி விளக்கு எரிஞ்சா நெருப்பை அணைச்சிடுங்க. ரெகுலேட்டரை மூடி, கழட்டி, பிளாஸ்டிக் மூடியை மாட்டுங்க. கதவு, ஜன்னல் திறந்துட்டு எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போங்க. கீழ் வீட்டுக்காரங்களையும் சேர்த்து. வெளியே போனதுக்கப்புறம் 1906-க்குக் கூப்பிடுங்க. இது 24 மணி நேரமும் இயங்குற எல்பிஜி அவசர எண். தீ பிடிச்சிருந்தா 101 அல்லது 112.

விபத்து நடந்துட்டா, போலீஸ்ல தகவல் கொடுக்கிறதோட உங்க ஏஜென்சிக்கும் உடனே எழுத்துல கொடுங்க. அவங்கதான் எண்ணெய் நிறுவனத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிப்பாங்க. மருத்துவமனை பில் எல்லாத்தையும் ஒரிஜினலா பத்திரப்படுத்துங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

மாசம் 500 ரூபாய் எஸ்ஐபி தவறினா நமக்கு உறுத்துது. அந்தப் பணத்துலயே ஒரு நல்ல டியூப் வாங்கிடலாம், அது 5 வருஷம் வரும். இன்னைக்கு ராத்திரி சமைச்சு முடிச்சதும் ரெண்டு விஷயம் பாருங்க: டியூப் மேல இருக்கிற வருஷம், கேஸ் புக்ல இருக்கிற முகவரி. ரெண்டுல எது தப்பா இருந்தாலும் இந்த வாரத்துக்குள்ள ஏஜென்சிக்குப் போயிட்டு வந்துடுங்க. சோப்புத் தண்ணி செக், சிலிண்டர் தேதி பார்க்கிறது ரெண்டையும் நம்ம சேனல் வீடியோவுல செஞ்சு காட்டியிருக்கோம், வீட்டுல இருக்கிறவங்களோட சேர்ந்து பாருங்க.