மூட்டை விழுந்த இடம்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் நீ எழுதிய கேள்வி இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. "மெட்டல் டிடெக்டர் அலறினால் கிரஷருக்குக் கல் கொண்டுபோகும் பெல்ட் நிற்கிறது. எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்று ஒரு தடவை டேப் பிடித்து அளந்து, சட்டத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டால் போதாதா? குறி போட மூட்டை தள்ளும் கருவி ஒன்று தனியாக எதற்கு?" இதே கேள்வியைக் கிரஷர் முதலாளிகள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் பொறுமையாகப் பேசினேன். நீ கேட்டபோது கோபம் வந்தது. நீ கணக்குத் தெரிந்த பிள்ளை.

பெல்ட்டின் வேகம் விநாடிக்கு 2 மீட்டர் என்று வை. மோட்டார் அணைந்தபின் சீராகக் குறைந்து 6 விநாடியில் நிற்கிறது என்றால், அது ஓடும் தூரம் 6 மீட்டர், அதாவது 20 அடிக்குக் கொஞ்சம் குறைவு. உன் சிவப்புக் கோடு அங்கே. ஆனால் உங்கள் பெல்ட் மேட்டில் ஏறுகிறது. ஜல்லி நிறைந்திருந்தால் பாரமே அதைப் பின்னுக்கு இழுத்துச் சீக்கிரம் நிறுத்திவிடும். காலியாக இருந்தால் நழுவிக்கொண்டே போய் நிற்கும். பாதி பாரம், ஈரக்கல், தேய்ந்த ரோலர், எல்லாவற்றுக்கும் வெவ்வேறு தூரம். சட்டம் அசையாமல் நிற்கிறது, ஓடுவது பெல்ட். குறி, உலோகத்தோடு சேர்ந்து ஓடும் கல்லின் மேல் விழ வேண்டும். பிறகு பெல்ட் எங்கே நின்றாலும் கவலையில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிரஷரில் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் ஜா கிரஷரின் பல் தகட்டில் ஒரு துண்டு உடைந்து பெல்ட்டில் ஏறியது. அலாரம் அடித்தது, பெல்ட் நின்றது. குறி போடும் கருவி கிடையாது, சட்டத்தில் நீ சொன்ன மாதிரி ஒரு கோடு மட்டும். நான்கு பேர் கோடு போட்ட இடத்தைச் சுற்றி இரண்டு மணி நேரம் கல்லைப் புரட்டினார்கள். கிடைக்கவில்லை. "டிடெக்டர் பொய் சொல்கிறது" என்று மேஸ்திரி ரீசெட் பட்டனை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்தத் துண்டு பெல்ட்டின் முடிவிலிருந்த கோன் கிரஷருக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. டிடெக்டர் உண்மையைத்தான் சொன்னது. எந்தக் கல்லுக்கு அடியில் என்று மட்டும் அது சொல்லவில்லை.

"காந்தம் தொங்கவிட்டிருந்தால் தூக்கியிருக்குமே" என்று கேட்பாய். தூக்கியிருக்காது. ஜா தகடுகள் மாங்கனீசு எஃகு. 1882-இல் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் கண்டுபிடித்த கலவை அது: சுமார் 12 சதவீதம் மாங்கனீசு, 1 சதவீதத்துக்குச் சற்று மேல் கரி. அடிபட அடிபட மேல்தோல் இறுகும், ஆனால் காந்தம் அதைச் சீண்டாது. மின்சாரம் பாயும் பொருள் என்பதால் டிடெக்டரின் காயில் மட்டும் அதை உணரும். காந்தத்தை நம்பித் தூங்குகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

உலோகம் இருக்கிறது என்று அறிவதும் அது எங்கே என்று காட்டுவதும் இரண்டு வேலைகள் என்பதை நான் கல்லுக் குவாரியில் கற்றுக்கொள்ளவில்லை, ஒரு படுக்கையறைக் கதையில்தான் கற்றேன். 1881 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டார்கள். குண்டு உடம்புக்குள் தங்கிவிட்டது. தொலைபேசி கண்ட கிரகாம் பெல், காயில்களைக் கொண்டு ஒரு தூண்டல் தராசு செய்து எடுத்துக்கொண்டு போனார். ஆகஸ்ட் 1-ஆம் தேதி தடவிப் பார்த்தபோது ஒலி கேட்டது, ஆனால் ஒரு புள்ளியில் கேட்கவில்லை, பரவலாகக் கேட்டது. பிறகுதான் தெரிந்தது, மெத்தையில் எஃகுக் கம்பிகள். அதோடு குண்டு வலப்புறம் இருப்பதாக நம்பிய மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். செப்டம்பர் 19-இல் அதிபர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கத்தில் இருந்தது. இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் அந்தப் பரவலான ஒலியில் வந்து நின்றுவிடுகிறேன். உன் பெல்ட்டின் மூட்டுகளில் இரும்புக் கிளிப் இருந்தால் அதுவும் அந்த மெத்தைக் கம்பி மாதிரிதான். கிளிப் கடக்கும்போது கண்டுகொள்ளாதே என்று டிடெக்டருக்குச் சொல்லி வைக்காவிட்டால், சுற்றுக்கு ஒரு மூட்டை விழும்.

சரி, மூட்டைக்கு வருவோம். கருவி காயிலுக்கு 1 மீட்டர் தள்ளி இருக்கிறது, வேகம் 2 மீட்டர் என்றால், அரை விநாடி தாமதித்துத் தள்ள வேண்டும். மூட்டை கீழே விழ ஆகும் நேரத்தை அதில் கழித்துக்கொள். இப்போது யாரோ வேகத்தை 1.5 மீட்டராகக் குறைக்கிறார்கள், டைமரைத் தொடவில்லை. மூட்டை 25 செண்டிமீட்டர் முன்னால் விழும். கருவியை 5 மீட்டர் தள்ளி வைத்திருந்தால் பிழை ஒன்றேகால் மீட்டர். அதனால்தான் கருவியை அருகில் வை, டைமரை நம்பாதே, பெல்ட்டோடு சுழலும் ரோலரில் என்கோடர் மாட்டித் தூரத்தை எண்ணு என்று வகுப்பில் தொண்டை வற்றச் சொன்னேன்.

வகுப்பில் சொல்லாதது ஒன்று உண்டு. பெரிய உலோகத்தைக் காயில் தொலைவிலேயே உணர்ந்துவிடும், சின்னதை நடுவுக்கு வந்த பிறகே உணரும். உணர்ந்த கணத்திலிருந்து தூரம் எண்ணத் தொடங்கினால், பெரிய துண்டுக்கு மூட்டை எப்போதும் முன்னால் விழும். ஆகவே மூட்டையைக் கண்டதும் அதற்கு அடியில் தோண்டு. இல்லாவிட்டால் பெல்ட் வந்த திசையில் பின்னோக்கிப் போ. என் அனுபவத்தில் ஆட்கள் முன்னோக்கியே போவார்கள், அங்கே கிரஷர் இருப்பதால். சிக்னல் உச்சத்துக்கு வரும் கணத்தைப் பிடித்து எண்ணும் டிடெக்டர் கிடைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

பெயின்ட் அடிக்கும் குழாயைப் பற்றியும் கேட்டிருந்தாய். சுத்தமான துணிக்கும் அட்டைக்கும் அது சரி. கல்தூசியில் குழாய் அடைத்துக்கொள்ளும், ஈரக்கல்லில் நிறம் நிற்காது. சுண்ணாம்புத்தூள் நிரப்பிய சின்ன மூட்டைதான் என் தேர்வு. உருளாமல் தட்டையாகக் கிடக்கும்படி முக்கால் பாகமே நிரப்பு.

பெல்ட்டின் மேல் ஏறிக் கல்லைப் புரட்டுகிறவன் ஓர் ஆள் என்பதை மறக்காதே. மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, சாவியை அவன் பையில் போட்ட பிறகே ஏற விடு. குறி ஐந்தடி பிசகினால் அவன் ஐந்தடி கூடுதலாகக் குனிகிறான். நாலு தடவை பிசகினால் அலாரத்தை யாரும் மதிக்க மாட்டார்கள், ரீசெட் பட்டன் மட்டும் தேயும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெல்ட் காலியாக இருக்கும்போது ஒரு சின்ன போல்ட், ஒரு உடைந்த தகட்டுத் துண்டு இரண்டையும் சிவப்புத் துணியில் கட்டிப் பத்துப் பத்துத் தடவை அனுப்பிப் பார். கோன் கிரஷரை நிறுத்திவிட்டுச் செய். மூட்டைக்கும் துணிக்கும் இடையே எத்தனை செண்டிமீட்டர், முன்னாலா பின்னாலா என்று எழுது. பிறகு பாரத்தோடு இரண்டையும் இன்னும் பத்துப் பத்துத் தடவை. நாற்பது எண்களும் தபாலில் வந்த பிறகு மற்றதைப் பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்