வடக்கே போகும் லாரித் தம்பிக்கு

ஆயுதபூஜை முடிந்தது. வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. யஷ்வந்த்பூர் டிரக் டெர்மினலில் இனி வடக்கு லோடு பற்றித்தான் பேச்சு. காஷ்மீரில் ஆப்பிள் இறங்கும் சீசன். இங்கிருந்து ஏற்றிப் போனால், திரும்பும்போது சிங்கேன அக்ரஹாரா பழச்சந்தைக்கு லோடு கிடைக்கும். நாமக்கல், சங்ககிரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் முதல்முறையாக அந்த லைனில் ஏறுவது இந்த மாதங்களில்தான். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஓட்டச் சொல்லித் தர வேண்டியதில்லை. பனிக்காலத்தில் வாரக்கணக்கில் லாரிக்குள்ளேயே குடியிருக்கத்தான் சொல்லித் தரவேண்டும்.

1. குளிர் நேராக வந்து டிரைவரைக் கொல்வது அபூர்வம், தம்பி. குளிருக்குப் பயந்து நாம் செய்யும் காரியங்கள்தான் கொல்கின்றன. கண்ணாடியை மூடிக்கொண்டு கரி மூட்டுவது, பனிக்கு முன்னால் போய்விடலாம் என்று மிதிப்பது, சூடேறட்டும் என்று குடிப்பது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி.

2. பெங்களூர்க் குளிரை வைத்துக் கணக்குப் போடாதே. இந்த ஊரில் பதிவானதிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். டெல்லிக்கு வடக்கே ஜனவரி ராத்திரிகளில் அதற்கும் கீழே இறங்குவது சாதாரணம். காஷ்மீர் போகும் வழியில் பனிஹால் பக்கம் தண்ணீர் உறையும். அனந்தபூர், கர்னூல், ஹைதராபாத் எல்லாம் வெறும் சட்டையோடு தாண்டிவிடுவாய். சாகர், ஜான்சி வரும்போது ராத்திரி வேறாகிவிடும். காதை மூடும் குல்லா, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, கெட்டியான ரஜாய் போர்வை ஆகியவை கிளம்பும்போதே கேபினில் இருக்கட்டும். ஈரக் காலோடு படுக்காதே.

3. கேபினுக்குள் நெருப்பு கூடாது. தாபாவில் கை காய்ந்த கரிச்சட்டியைத் தூக்கிவந்து உள்ளே வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுக்கிறார்கள். வடக்கே ஒவ்வொரு குளிர்காலமும் இப்படி உயிர் போகிறது. காஷ்மீரிகள் அங்கிக்குள் காங்கிரி என்ற கரிச்சட்டியை வைத்துக்கொள்வதைப் பார்த்து உனக்கும் ஆசை வரும். அவர்கள் பழக்கம் வேறு, உன் இரும்புப் பெட்டி வேறு. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்காரும். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலியும் குமட்டலும் கிறுகிறுப்பும் சேர்ந்து வந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைத்துப் புரண்டு படுக்காதே. கதவைத் திறந்து கீழே இறங்கு, கூட இருப்பவனையும் இழுத்துப் போடு.

கேஸ் அடுப்புக்கும் இதுதான் விதி. சமையல் வெளியே, பக்கப்பெட்டி மறைவில். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குவதும் வேண்டாம். சைலன்ஸரில் சிறு ஓட்டை இருந்தாலும் புகை மேலே ஏறும், பக்கத்து வண்டியின் புகையும் வரும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். நல்ல காரியம், வெகுகாலம் முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் புதுக் கேபின் இறுக்கமாக மூடும் என்பதை மறக்காதே. எவ்வளவு குளிர் இருந்தாலும் ஒரு பக்கக் கண்ணாடி இரண்டு விரல் இறங்கியே இருக்கட்டும்.

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஏழடி அகலப் படகையே வீடாக்கிக்கொண்டு, உள்ளே விறகடுப்பு வைத்துக் குளிர்காலத்தைக் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல், கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத படகு அங்கே பாதுகாப்புச் சோதனையில் தேறாது. பேட்டரியில் ஓடும் அந்தச் சின்ன அலாரம் நம் ஊரிலும் கிடைக்கிறது. ஒரு டயர் விலையில் சிறு பங்குதான். முதலாளி வாங்கித் தராவிட்டால் உன் பேட்டாவில் வாங்கு.

4. மூடுபனி. நம் ஊர் மார்கழிப் பனி வெயில் வந்ததும் போய்விடும். குவாலியரிலிருந்து பஞ்சாப் வரை டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அது பகலிலும் நிற்கும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாவிட்டால் வானிலைத் துறை அதை மிக அடர்ந்த மூடுபனி என்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் உன் வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். தெரிகிற ஐம்பது மீட்டரும் மூன்று வினாடியில் தீர்ந்துவிடும். எதிரே இருப்பதைப் பார்த்து, காலை பிரேக்கில் வைத்து, லோடு வண்டியை அதற்குள் நிறுத்த எந்த சீனியர் டிரைவராலும் முடியாது. ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பும், டிம்மில் போ. முன்வண்டியின் சிவப்பு விளக்கை நம்பித் தொடராதே. அவன் பள்ளத்தில் இறங்கினால் நீயும் இறங்குவாய்.

என் தீர்ப்பைக் கேட்டால், அந்தப் பகுதியில் ராத்திரி பத்து மணிக்கு வண்டியை நிறுத்தி, காலையில் வெயில் தெரிந்த பிறகு எடு. பத்து மணி நேரம் போகும். போகட்டும்.

5. ஆனால் ரோட்டோரத்தில் நிறுத்தாதே. பனியில் ஓரத்தில் நிற்கும் லாரியும் அடி வாங்கும். பெட்ரோல் பங்க், தாபா, டோல்கேட்டை ஒட்டிய பார்க்கிங் என்று ரோட்டை விட்டு முழுதாக உள்ளே போ. பின்பக்க விளக்கிலும் ரிஃப்ளெக்டர் பட்டையிலும் சேறு படிந்திருக்கும். ஒவ்வொரு டீ நிறுத்தத்திலும் ஈரத் துணியால் துடை. நடுவழியில் பழுதானால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112. முக்கோணம் வை, நீ ரோட்டை விட்டு விலகி நில். அடையாளத்துக்கு வைத்த கல்லை வண்டி கிளம்பும்போது எடுத்துப் போடு. அதை விட்டுவிட்டுப் போவது பாவம்.

6. டீசலில் மெழுகு உண்டு. குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். குளிர் மாதங்களில் வடக்கே விற்கும் டீசலின் தரமே வேறு, நம் பக்கத்து டீசலைவிடக் கூடுதல் குளிரைத் தாங்கும். ஆகவே தெற்கே பிடித்த டீசலோடு மலை ஏறாதே. அதைத் தீர்த்துவிட்டு ஜம்முவில் நிரப்பு. லடாக் ரோட்டுக்காக மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது. அடைத்துக்கொண்டால் டேங்குக்கு அடியில் துணி கொளுத்திக் காட்டுகிறவர்களைப் பார்ப்பாய். அவர்களைவிட்டுத் தள்ளி நில், வெயில் ஏறட்டும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் பெங்களூரிலேயே வடித்துவிட்டுக் கூலண்ட் ஊற்று. உறைந்த தண்ணீர் பெருத்து எஞ்சின் பிளாக்கையே பிளக்கும். பிஎஸ்6 வண்டியில் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் டெஃப் திரவம் மைனஸ் 11இல் உறையும். உருகினால் பழையபடி வேலை செய்யும், அதில் வெந்நீர் கலந்துவிடாதே.

7. ஜம்முவுக்கு மேலே நேரம் உன் கையில் இல்லை. 1956இல் திறந்த ஜவாஹர் சுரங்கம் ஒன்றை நம்பியிருந்த காலம் போய், 2017இல் செனானி–நாஷ்ரி, 2021இல் பனிஹால்–காசிகுண்ட் என நீளமான சுரங்கங்கள் வந்துவிட்டன. ஆனாலும் ராம்பன் பக்கம் மலை சரிவது நிற்கவில்லை. பெரிய வண்டிகளை எந்தப் பக்கம் விடுகிறார்கள் என்று போக்குவரத்துப் போலீஸ் தினமும் அறிவிக்கும். அதைப் பார்க்காமல் உதம்பூரைத் தாண்டாதே. 2025 ஆகஸ்ட் கடைசி மழையில் ரோடு போய், ஆப்பிள் லாரிகள் வாரக்கணக்கில் நின்று பழம் அழுகியது. டிரைவர்கள் அத்தனை நாளும் கேபினில்தான் கிடந்தார்கள். எனவே பத்து நாளுக்கு அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், குடிதண்ணீர் வைத்துக்கொள். சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவனென்றால் இரட்டிப்பாக எடு.

8. பஞ்சாபில் சோறு தேடி அலையாதே, பராத்தாவும் தயிரும் நல்ல சாப்பாடு. காஷ்மீரில் சோறு தாராளமாகக் கிடைக்கும்.

9. சாராயம் சூடு தருவதாகத் தோன்றும். உள்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே விடுகிறது, அவ்வளவுதான். ஓட்டாத ராத்திரியிலும் வேண்டாம். தூக்கத்தை எதற்காகவும் விற்காதே. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடராமல் அரை மணி ஓய்வு என்றும் எழுதிவைத்தது. நம் லைனில் யாரும் அதைக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. நீ கேட்டு வாங்கு.

10. இது முதலாளிமாருக்கும் புக்கிங் ஆபீஸ்காரர்களுக்கும். டிசம்பர், ஜனவரி லோடுக்கு டெலிவரி தேதியை இரண்டு நாள் தள்ளி எழுதுங்கள். பனியில் நின்ற ராத்திரிக்கும் பேட்டா கொடுங்கள். “எங்கே இருக்கிறாய், ஏன் இன்னும் போகவில்லை” என்று நள்ளிரவில் போன் போடாதீர்கள். பையன் நின்றிருந்தால் நிற்கட்டும்.