கொள்வனவு வேட்கையும் இளைஞர் கடனும்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஆற்றவேண்டிய கடமையும் கடன். திருப்பிக் கொடுக்கவேண்டிய பணமும் கடன். நாணயம் என்னும் சொல்லும் அத்தகையதே. காசையும் குறிக்கும், சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். வகுப்பிலே இச்சொற்களை யாம் விளக்கிக்கொண்டிருந்த வேளையில் மாணாக்கன் ஒருவன் எழுந்து, "சேர், தவணைக்குப் போன் எடுக்கிறது எந்தக் கடன்?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. ஆயினும் அவ்வினா சிரித்து விடுதற்குரியதன்று. அன்று சொல்லாது விட்ட விடையை இம்மலர் வாயிலாகச் சொல்ல முற்படுகின்றோம்.

யாழ்ப்பாணத்தார் கடனறியாதவர் அல்லர். கைமாற்று, சீட்டு, அடைவு, ஈடு, ஒற்றி என்று அவர்தம் வழக்கில் எத்தனை சொற்கள்! ஒற்றியில், கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை நுகர்வான். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமையிலும் ஒற்றிக்கு இடமுண்டு. இவ்வழிகளிலெல்லாம் ஒரு தடை இருந்தது. கேட்பவன் தெரிந்த ஒருவரின் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும். நெடுந்தீவு போன்ற தீவிலே, ஒருவன் காலையில் அடைவுக்குப் புறப்பட்டால் மாலைப் படகு திரும்புமுன் ஊரறியும். அந்தக் கூச்சமே பாதிக் கடனைத் தடுத்தது. இன்று கையிலுள்ள திரையை விரலால் தொட்டாற் போதும். முகமும் இல்லை, கூச்சமும் இல்லை.

தவணைக் கொள்வனவும் புதியதன்று. சிங்கர் நிறுவனத்தார் 1850களில் அமெரிக்காவிலே தையல் இயந்திரத்தைத் தவணைக்கு விற்கத் தொடங்கினர். 1877இல் இலங்கையிலும் கடை திறந்தனர். எம் பாட்டிமார் காலத்திலே தவணைக்கு வந்த தையல் இயந்திரம் தன் விலையைத் தானே தைத்துக் கொடுத்தது. சட்டை தைத்த கூலி தவணையாயிற்று. கைத்தொலைபேசி அவ்வாறு உழைப்பது அரிது. கடைசித் தவணை கட்டுமுன்னரே அது பழையதாகிவிடுகின்றது.

எம் தலைமுறைக்கு இவ்வேட்கை எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டில் மின்கலம் கிடையாது, மண்ணெண்ணெய் அரிது, சவர்க்காரமும் அரிது. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிற்று. 2002இல் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மூடப்பட்டது. போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. அதன் வழியே பொருளும் வந்தது, பொருளுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் உடன் வந்தன. பல்லாண்டு பசித்திருந்தவன் முன் இலை விரித்தாற்போன்ற நிலை அது. அளவறிந்து உண்ணவில்லை என்று அவனை மட்டும் பழித்தல் தகுமா?

பழிக்கும் தகுதி எமக்கும் இல்லை. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து நெடுந்தீவுக்கு நியமனம் பெற்ற காலத்தில் யாமும் மோட்டார் சைக்கிள் ஒன்றை லீசிங்கில் எடுத்தோம். கிழமையில் ஐந்து நாள் யாம் தீவிலே தங்க, வண்டி குறிகட்டுவான் இறங்குதுறையிலே நின்றது. உப்புக் காற்று அதன் நிக்கலைத் தின்றது. தவணை எம் சம்பளத்தைத் தின்றது. எது முந்தித் தேய்ந்தது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. உடன்கற்பித்த நண்பர்கள் யாவரும் எடுத்தார்கள், ஆதலின் யாமும் எடுத்தோம். வேறு காரணம் இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கணித ஆசிரியர்கள் பொறுத்தருள்க. 100,000 ரூபாய்க் கடன், மாதம் நூற்றுக்கு 2 வட்டி, 12 மாதம். வட்டி 24,000, ஆக மாதத் தவணை 10,333. ஆண்டுக்கு நூற்றுக்கு 24 என்றே கடன் எடுத்தவன் நினைப்பான். ஆனால் அவன் மாதந்தோறும் முதலையும் கட்டி வருகின்றான். ஆண்டு முழுவதும் 100,000 அவன் கையில் இல்லை. சராசரியாக ஏறத்தாழ 54,000 ரூபாயே உள்ளது. 54,000க்கு 24,000 வட்டி எனின், வீதம் நூற்றுக்கு 40ஐத் தாண்டிவிடும். வாயால் சொல்லும் வட்டி வேறு, கட்டும் வட்டி வேறு. க.பொ.த. சாதாரணதரம் படித்த எவரும் போடக்கூடிய கணக்கு இது. ஒப்பமிடுமுன் போடுபவரைத்தான் காணோம்.

அடக்கமாட்டாது பொருள் வாங்கும் இயல்பை ஒரு நோயாகவே கண்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குப் பெயரிட்டவர் ஜெர்மானிய மனநோய் மருத்துவர் எமில் கிரெப்பெலின். பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ இது பெரும்பாலும் தலைகாட்டும் என்பர். 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, வயதுவந்தோரில் நூற்றுக்கு 5.8 பேரிடம் இதனைக் கண்டது. வாங்கும் கணத்தில் மகிழ்ச்சி, வீட்டுக்கு வந்ததும் குற்றவுணர்வு, அதை மறக்க மீண்டும் வாங்குதல் என்று இது சுழலும். இத்தகையோரை ஊதாரி என்று ஏசுதல் பயன் தராது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். பிறரோ நோயாளிகள் அல்லர்; காசின் கனத்தை உணராதவர். 2001இல் வெளியான ஓர் ஆய்விலே, கடனட்டையால் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள், காசாகக் கொடுக்கவேண்டியவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு விலை தர முன்வந்தனர். பொருள் ஒன்றே, நுழைவுச்சீட்டு.

ஒரு பொருள் இன்னொன்றை அழைக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் தீதரோ 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கட்டுரையில் எழுதினார். புதிய மேலங்கி ஒன்று வந்ததும் அவருடைய பழைய மேசை, நாற்காலி, திரைச்சீலை யாவும் இழிந்தனவாகத் தோன்றின, ஒவ்வொன்றாக மாற்றலானார். எம் மாணாக்கர்க்கு இது புரியும். போனுக்கு உறை, காதொலிக் கருவி, பின்னர் அதனால் எடுத்த படத்துக்கேற்ற சட்டை!

வள்ளுவர் வரவு செலவைப் பேசும் இடம் நோக்கத்தக்கது. பொருள் செயல்வகையில் அன்று, அரசன் போருக்கு முன் தன் வலிமையை எண்ணும் வலியறிதல் அதிகாரத்தின் இறுதி நான்கு குறள்களிலே வைத்தார். வருவாயின் அளவறியாமை அவர் நோக்கில் படையின் அளவறியாமை போன்றது. இங்கே ஒன்று: கடன்பட்டவர் நெஞ்சை இலங்கை வேந்தன் கலக்கத்துக்கு உவமையாக்கும் அடியைக் கம்பனுடையது என்று மேடைகளிற் கூறுவர். கம்பராமாயணத்தில் அவ்வடி இல்லை. தேடி இளைத்தவர் பலர்.

வடக்கின் பெண்கள் நுண்கடனில் பட்ட துன்பத்தை நாடறியும். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சியுற்ற மாவட்டங்களில் 100,000 ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அக்கடன்களுள் எத்தனை மகனின் ஆசைக்காக எடுக்கப்பட்டன என்று எவரும் எண்ணவில்லை.

சென்ற ஆண்டு பழைய மாணாக்கன் ஒருவன், வயது இருபத்துமூன்று, பிணைக்கு ஒப்பமிடும்படி எம்மிடம் வந்தான். பிணை நின்றவர் பெயரும் 1990இல் நிறுவப்பெற்ற கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் ஏறும் என்பதை அவன் அறியான். யாம் ஒப்பமிடவில்லை. அவன் முகம் வாடியது. எமக்கும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் அழைத்து, ஒரு கொப்பியைக் கொடுத்து, கடன்களை எல்லாம் எழுதச் சொன்னோம். மூன்று எழுதினான். "இன்னும்?" என்றோம். நெடுநேரம் சும்மா இருந்து, "அம்மாவின்ர காப்பு, சேர். அடைவில. அப்பாவுக்குத் தெரியாது" என்றான். அதை முதலாவதாக எழுதுவித்தோம். போனை விற்றான், வாங்கிய விலையில் பாதியும் கிடைக்கவில்லை. மாலையில் கடலட்டைப் பண்ணையொன்றில் வேலைக்குப் போகின்றான். காப்பு மீள இன்னும் இரண்டு மாதம் உண்டு. கொப்பியை ஒவ்வொரு சனிக்கிழமையும் கொண்டுவந்து காட்டுகின்றான்.