சிகரெட் பெட்டிக்குச் சட்டம் தேவையா?

கேள்வி: சிகரெட் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போடுவது சரியா?
– வாசகர், ஜொகூர் பாரு

பதில்: சரியே. சிகரெட் விளம்பரங்களுக்குத் தடை வந்தபின், நிறுவனங்களுக்கு எஞ்சிய விளம்பரப் பலகை பெட்டிதான். அதன் நிறமும் பளபளப்பும் இளையோரை ஈர்க்கவே வடிவமைக்கப்படுகின்றன.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை மலேசியா 2005இல் ஏற்றது. 2009 முதல் பெட்டிகளில் நோயுற்ற உறுப்புகளின் படங்கள் இடம்பெறுகின்றன. 'லைட்', 'மைல்டு' போன்ற சொற்களுக்கு அனுமதியில்லை. அவை ஆபத்து குறைவு என்ற பொய் நம்பிக்கையைத் தருகின்றன. 2024 அக்டோபர் 1இல் நடப்புக்கு வந்த புதிய சட்டம் மின்சிகரெட்டையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஜொகூர் மாநிலமோ 2016லேயே மின்சிகரெட் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் இன்னும் ஒருபடி முன்னே சென்றது. 2020 ஜூலை 1 முதல் அங்கே எல்லாப் பெட்டிகளும் ஒரே மங்கிய நிறத்தில் வருகின்றன. முக்கால் பங்கை எச்சரிக்கைப் படமே நிரப்புகிறது. 2012இல் ஆஸ்திரேலியா இதற்கு வழிகாட்டியது.

பெட்டிச் சட்டத்தால் மட்டும் பழக்கம் ஒழியாது. கடத்தல் சிகரெட்டுகள் இவ்விதிகளுக்கு அடங்குவதில்லை. ஆகவே கடுமையான அமலாக்கமும் வரி உயர்வும் உடன் வேண்டும். மலேசியாவும் ஒரே நிறப் பெட்டிக்கு மாற வேண்டும். புகைப்பதை நிறுத்த விரும்புவோர் அரசாங்கக் கிளினிக்குகளின் 'எம்குவிட்' சேவையை நாடலாம்.